கேதுருச் சீவல்

ஆக்ரன், ஒஹாயோ
மார்ச் 2, 1998

அன்புள்ள டெல்ஃபியா அக்காவுக்கு,

முதலில் இந்தக் கையெழுத்துக்காக மன்னித்துக்கொள். ஒரு வரி மலையேறுகிறது, அடுத்தது பள்ளத்தில் இறங்குகிறது. சில எழுத்துகள் கொழுத்தும் சில பட்டினி கிடந்தது போலவும் இருக்கின்றன. பேனாவை ஸ்பேனர் பிடிப்பது போலப் பிடிப்பதாக டீச்சர் சொல்கிறார். இருக்கட்டும். இதை எழுதுவது வேறு யாருமில்லை, நான்தான். உன் தம்பி ஆர்வில், என் சொந்தக் கையால், எழுபத்து நான்கு வயதில்.

உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? அடுப்புக்கு விறகு யார் பிளந்து கொடுக்கிறார்கள்? எனக்கு முட்டி மட்டும் மக்கர் செய்கிறது. மற்றபடி சுகம்.

என் பெண்டாட்டி வில்மா இருந்தவரை உன் கடிதத்தை அவள் படித்தாள், என் பதிலை அவள் எழுதினாள். அவள் போனபிறகு உனக்கும் எனக்கும் நடுவில் பேச்சே இல்லாமல் போயிற்று. போனில் நான் கத்தினால் நீ "யாரு? யாரு பேசறது?" என்கிறாய். உன் காதைக் குறை சொல்லவில்லை. படிக்க ஆள் இல்லையென்று தெரிந்து நீயும் கடிதத்தை நிறுத்திவிட்டு வெறும் பெட்டிகளாக அனுப்பினாய். பார்த்தேன், இப்படியே இரண்டு பேரும் செத்துப்போவோம் போலிருந்தது. நூலகத்தில் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லித்தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் உட்கார்ந்துவிட்டேன். மிஸ் ராமோனா என்று ஒரு டீச்சர். பேத்தி வயது. தப்பாகப் படித்தால் "மறுபடியும், மிஸ்டர் நேப்பியர்" என்பார். அவ்வளவுதான் திட்டு.

இன்னொரு சேதி. நூலகத்துக்குப் பக்கத்தில் வளர்ப்புப் பிராணிக் கடை இருக்கிறது. அதன் கண்ணாடியில் "இலவசம், நல்ல வீடு தேவை" என்று ஒட்டியிருந்தது. யாரும் உதவாமல் நான் முழுசாகப் படித்த முதல் அறிவிப்பு. படித்துவிட்ட பிறகு படிக்காதவன் போல நடந்துபோக மனம் வரவில்லை. உள்ளே போனேன். வீடு மாறிப்போன யாரோ விட்டுச்சென்ற பிராணிகள். இப்போது என்னோடு இருக்கிறார்கள். ஆல்மா என்ற சிலந்தி, உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் பழுப்பு ரோமம். சங்குக்குள் குடியிருக்கும் ஒரு நண்டு. ரயில்பூச்சிகள் சில, ஒவ்வொன்றும் பேனா நீளம். கடைசியாக, சிரிக்காதே, கரப்பான்கள். மடகாஸ்கர் தீவுச் சாதி. தீப்பெட்டி அளவு. கோபம் வந்தால் பாம்பு போலச் சீறும். அதிகம் சீறுகிறவனுக்கு சார்ஜென்ட் என்று பேர்.

எல்லோரும் சத்தமில்லாத ஜீவன்கள். நான் பாடத்தை உரக்கப் படிக்கும்போது யாரும் சிரிப்பதில்லை.

உன் தம்பி,
ஆர்வில்

•

கேன் ஃபோர்க், கென்டக்கி
மார்ச் 11

அன்புத் தம்பி ஆர்வில்,

இடுப்பு அப்படியேதான். விறகு பக்கத்து வீட்டு ராய்ஸ் பிளந்து கொடுக்கிறான். என்னைப் பற்றிக் கவலைப்படாதே.

உன் கடிதத்தை அடுப்பு மேல் அலமாரியில் நிமிர்த்தி வைத்திருக்கிறேன். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறேன். ராய்ஸின் பெண்டாட்டி, "என்ன டெல்ஃபியாம்மா, கோழி கிளறின மாதிரி இருக்கு" என்றாள். அன்று அவளுக்குக் காபி கிடையாது.

ஆனால் கரப்பானா? டேய், வாழ்நாள் பூராவும் துடைப்பமும் கையுமாகக் கரப்பானைத் துரத்தியவள் நான். என் கூடப்பிறந்தவன் அதற்குப் பட்டம் கொடுத்து வீட்டில் வைத்திருக்கிறான். அந்தச் சிலந்தி படுக்கையில் ஏறாதா? உனக்கு நாய் கிடைக்கவில்லையா, பூனை கிடைக்கவில்லையா? அறிவிப்பு ஒட்டியிருந்தால் முதலையைக்கூடக் கூட்டிவந்திருப்பாய்.

பிளாக்பெர்ரி ஜாமும் கம்பளிச் சாக்ஸும் தனியாக அனுப்பியிருக்கிறேன். ஜாடி உடையாமல் இருக்க வழக்கம்போலக் கேதுரு மரச் சீவல் அடைத்திருக்கிறேன். அம்மா அனுப்பிய பெட்டியெல்லாம் அப்படித்தானே வரும். ராய்ஸின் மர ஆலையில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. சாக்ஸை அந்தச் சீவலோடேயே வைத்துக்கொள், அந்துப்பூச்சி அண்டாது.

இன்னும் எழுது. கோணலாகவே எழுது.

அக்கா டெல்ஃபியா

•

ஆக்ரன்
ஏப்ரல் 4

அன்புள்ள அக்கா,

உன் உடம்பு தேவலையா? ஜாமை ஸ்பூன் இல்லாமல் விரலால் சாப்பிட்டேன். பெட்டியில் வந்த எதையும் வீணாக்கவில்லை, ஒரு துகள்கூட. சாக்ஸ் இப்போது காலில்தான் இருக்கிறது.

ஆனால் மனசு கொதிக்கிறது. வீட்டில் சாவு. நண்டு முதலில் போயிற்று. சங்கைவிட்டு வெளியே வந்து அம்மணமாகக் கிடந்தது. தன் வீட்டைவிட்டு எந்த நண்டாவது தானாக வெளியே வந்து சாகுமா? பிறகு ரயில்பூச்சிகள், ஒன்றன்பின் ஒன்றாகச் சுருண்டுபோயின. சார்ஜென்டைக் காணவே காணோம். கரப்பான்களின் கண்ணாடித் தொட்டி மூடி நகர்ந்திருந்தது.

கடைக்காரனிடம் போனேன். "வயசாயிருக்கும் சார்" என்றான். "எல்லாத்துக்கும் ஒரே வாரத்துல வயசாயிடுச்சா?" என்று கேட்டேன். தோளைக் குலுக்கினான். நான் கேட்டது தோளை இல்லை, பதிலை.

எதிர்வீட்டு மிஸஸ் கோவாச்சின் பூனைக்குக் கழுத்தில் தெள்ளுப்பூச்சி மருந்து போடுகிறார்களாம். அந்தப் பூனை என் கதவில் முதுகைத் தேய்த்துவிட்டுப் போகும். கேட்டேன்.

"ஆர்வில், என் பூனை உன் புழுவைக் கொன்னுச்சுன்னு சொல்றியா?"

"புழு இல்ல, ரயில்பூச்சி. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல. விசாரிக்கிறேன்."

"நீ படிக்கக் கத்துக்கிட்டதுலேர்ந்து போலீஸ்காரன் ஆயிட்டே" என்று கதவைச் சாத்திவிட்டாள். அவள் வீட்டில் பிளக்கில் மாட்டும் வாசனை டப்பா ஒன்று ரோஜா ரோஜாவாக நாறுகிறது. அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

ஆர்வில்

•

கேன் ஃபோர்க்
ஏப்ரல் 13

அன்புத் தம்பி,

நலமாக இருக்கிறேன். குளிர் விட்டுவிட்டது.

கரப்பானைக் கேலி செய்தேனே, திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஊமை ஜீவன்களை இப்படியா சாகடிப்பது? எனக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. சும்மா விடாதே. உங்கள் கட்டடத்தில் எவனாவது மருந்து அடிக்கிறானா பார். நகரத்துக் கட்டடங்களில் அடிப்பார்கள். ஒரு ஜன்னல் திறந்திருந்தால் அடுத்த வீட்டுக்காரனைக் கேட்கக்கூட மாட்டார்கள்.

அறுபது வருஷம் எவன் எது செய்தாலும் வாயை மூடிக்கொண்டு இருந்தாய். டயர் ஆலையில் கை ரேகை வைக்கச் சொன்ன இடத்தில் எல்லாம் வைத்தாய். இப்போது எழுதத் தெரியும். எழுது. நிர்வாகத்துக்கு எழுது. பேர் போட்டு எழுது.

துக்க வீட்டுக்கு வெறுங்கையோடு வரக்கூடாது. அடுக்குக் கேக்கும் மூன்று பெரிய ஜாடியில் ஆப்பிள் ஜாமும் அனுப்புகிறேன். கேக் நொறுங்காமல் இருக்கச் சீவலை இரண்டு மடங்கு திணித்திருக்கிறேன்.

அக்கா டெல்ஃபியா

•

ஆக்ரன்
ஏப்ரல் 27

அன்புள்ள அக்கா,

ஜாடி ஒன்றும் உடையவில்லை. கேக்கில் பாதியை மிஸ் ராமோனாவின் வகுப்புக்குக் கொண்டுபோனேன். எல்லோரும் உன்னை விசாரித்தார்கள்.

கொலைகாரன் அகப்பட்டான்!

கரப்பான்களும் போய்விட்டன அக்கா. மல்லாந்து, கால்களை மடித்து, மொத்தக் குடும்பமும். அன்று காலை கதவைத் திறக்கிறேன், நடைவழியில் லெஸ்டர் நிற்கிறான். லெஸ்டர் இந்தக் கட்டடத்தில் குழாய், விளக்கு, கொதிகலன் எல்லாம் பார்க்கிறவன். முதுகில் மருந்து டப்பா, கையில் குழாய்.

"லெஸ்டர், அதுல என்ன?"

"கரப்பான் மருந்து, பெரியவரே. மாசா மாசம் அடிக்கிறதுதானே."

"யாரோட கரப்பானுக்கு?"

"பேர் கேட்டுட்டா அடிக்க முடியும்?"

"என் வீட்டுல ஒரு குடும்பமே செத்துக் கிடக்கு!"

சிரித்துக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான். "உங்க கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சொட்டு அடிச்சதில்ல. ஆல்மா வந்த நாளே சொன்னீங்க, வேண்டாம்னு. உங்க வாசல்கிட்ட வந்தா குழாயவே மூடிடறேன்."

"காத்து என்ன, கதவைத் தட்டிட்டா உள்ள வரும்?" என்றேன். குழாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான்.

அன்றே எழுதினேன். இரண்டு நாள் ஆயிற்று. தாள் தாளாகக் கிழித்தேன். "லெஸ்டர் என்பவர் கவனமில்லாமல் விஷம் தெளித்து என் பிராணிகளைக் கொன்றார். அவரை வேலையில் வைத்திருக்கக் கூடாது." அதைத் தபால்பெட்டிகளுக்கு மேலே இருக்கும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். முதல் கையெழுத்து மிஸஸ் கோவாச் போட்டாள். பூனை தப்பித்த சந்தோஷம் அவளுக்கு. பிறகு ஆளாளுக்கு நின்று படித்துவிட்டுப் போட்டார்கள். நான் எழுதியதை மனிதர்கள் நின்று படிக்கிறார்கள், அக்கா! படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இனி ஆல்மா ஒருத்திதான் மிச்சம். அவளுக்கு எது நல்லதோ அதைச் செய்துவிட்டேன். இதுவரை மணலில் இருந்தாள். மற்றவர்களுக்கு மார்ச்சில் போட்டது போல அவளுக்கும் உன் சீவலை மெத்தையாகப் போட்டிருக்கிறேன், நாலு விரல் கனத்துக்கு. உன்னிடம் சொன்னதில்லை. வில்மா போனபிறகு நீ அனுப்பிய ஒவ்வொரு பெட்டியின் சீவலையும் பையில் கட்டி அலமாரியில் வைத்திருந்தேன். படிக்கத் தெரியாத காலத்தில் அதுதானே உன் கடிதம். பையைத் திறந்து முகர்ந்து பார்ப்பேன், அக்கா சுகமாக இருக்கிறாள் என்று தெரிந்துகொள்வேன். இப்போதுதான் நிஜக் கடிதமே வருகிறதே, அதனால் அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். இந்த வீட்டில் அதைவிட நல்ல பொருள் இல்லை.

உடனே பதில் எழுது.

ஆர்வில்

•

ஆக்ரன்
மே 17

அன்புள்ள அக்கா,

உடம்பு சரியில்லையா? ஒரு வரிகூட இல்லையே. தினமும் தபால்பெட்டியைத் திறந்து உள்ளே கைவிட்டுப் பார்க்கிறேன். தபால்காரனிடம் சண்டை போட்டேன். "கென்டக்கிலேர்ந்து வந்தா கொடுக்க மாட்டேனா தாத்தா?" என்கிறான். என்னவோ, ஒளித்துவைக்கிறான் என்றுதான் தோன்றுகிறது.

கட்டட மேனேஜர் மிஸஸ் ப்ரூயிட் கூட்டம் கூட்டுகிறார். ஜூன் நாலாம் தேதி, கீழ்த்தளக் கூடத்தில். லெஸ்டரை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று அன்றைக்கு முடிவாகும். நான் எழுதியதால்! என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்.

லெஸ்டர் நேற்று வந்தான். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றான்.

"பெரியவரே, ஆல்மாவோட தொட்டிய மூணு மாடி தூக்கிட்டு வந்தது யாரு?"

"நீதான். யார் இல்லைன்னது?"

"அப்புறம் நானே அவளுக்கு விஷம் வைப்பேனா?"

"தூக்கிட்டு வந்தவன் கொல்ல மாட்டான்னு எந்தப் புத்தகத்துல போட்டிருக்கு?"

"படிக்கத் தெரியாதப்போ நீங்க நல்ல மனுஷனா இருந்தீங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான்.

கேட்டாயா அக்கா, திமிரை! நானா கெட்டவன்? என் பிணங்களை வரிசையாக அடுக்கிக் காட்டவா? நேற்றிலிருந்து அந்த வார்த்தை சாப்பாட்டில் கல் போல நெறுநெறுக்கிறது.

ஆல்மா சாப்பிடவில்லை. தரையில் கால் வைக்காமல் கண்ணாடிச் சுவரில் ஏறித் தொங்கிக்கொண்டே இருக்கிறாள். ஜன்னல் சந்துகளில் துணி அடைத்திருக்கிறேன். அவளுக்குச் சுகமாக இருக்கட்டும் என்று கடைசிப் பை சீவலையும் கொட்டினேன்.

ஆர்வில்

•

ஆக்ரன்
மே 28

டெல்ஃபியாவுக்கு,

நலம் விசாரிக்கப் போவதில்லை. நீ விசாரித்தாயா?

ஆல்மா போய்விட்டாள். சுவரிலிருந்து விழுந்து கால்களை முஷ்டி போல மடித்துக்கொண்டாள். மிஸஸ் கோவாச்சின் பூந்தொட்டியில் புதைத்தேன். அவள் தடுக்கவில்லை.

எழுது எழுது என்றவள் நீ. எழுதினேன். இப்போது நீ எங்கே? உன் கை முறிந்ததா, பேனா தொலைந்ததா? ராய்ஸின் பெண்டாட்டியிடம் சொன்னால் ஒரு போன் போடமாட்டாளா? உன்னோடு பேசுவதற்காகத்தான் இந்த வயதில் குழந்தை நாற்காலியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினேன். பேசத் தொடங்கியதும் நீ எழுந்து போய்விட்டாய்.

ஆர்வில்

•

கேன் ஃபோர்க்
மே 29

அன்புத் தம்பி ஆர்வில்,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதங்கள் வந்தன. தபால்காரரைத் திட்டாதே. தப்பு என்னுடையது.

உட்கார்ந்துகொண்டு படி. அவசரப்படாதே. புரியாவிட்டால் மறுபடியும் படி.

ஆல்மாவை அந்தச் சீவலிலிருந்து உடனே எடு. தொட்டியைக் கழுவு. பழைய மணலைப் போடு. இதைப் படித்து முடிப்பதற்கு முன்னால் போய்ச் செய்.

லெஸ்டர் யாரையும் கொல்லவில்லை. கொன்றது என் பெட்டி. முட்டையிலிருந்து பொரிந்த கோழிக்குஞ்சுகளுக்கு அடியில் கேதுரு போடக் கூடாது. வைக்கோல் போடலாம், பைன் சீவல் போடலாம், கேதுரு கூடாது. அந்த வாசனை குஞ்சின் நெஞ்சை அடைத்துவிடும். அம்மா எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது அதுதான். உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. குஞ்சு பார்ப்பது பெண்பிள்ளைகள் வேலை, நீ அப்பாவோடு சுரங்கத்துக்குப் போய்விட்டாய். குஞ்சே தாங்காததை உன் பிராணிகள் எப்படித் தாங்கும்? பூச்சி அண்டக் கூடாது என்றுதானே அதைப் பெட்டியில் அடைக்கிறோம். அதை நீ பூச்சிகளுக்கே மெத்தையாகப் போட்டிருக்கிறாய்.

"மெத்தையாகப் போட்டிருக்கிறேன்" என்று நீ எழுதிய வரியைப் படித்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றே எழுத உட்கார்ந்தேன். அதற்குக் கீழே நீ எழுதியிருந்ததையும் படித்தேன், பையைத் திறந்து முகர்வேன் என்று. எழுதிய தாளை அடுப்பில் போட்டேன். மறுநாளும் எழுதினேன், அதுவும் அடுப்புக்குப் போயிற்று. போன் போடச் சொல்லியிருக்கலாம். இதை இன்னொருத்தி வாயால் நீ கேட்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஜூன் நாலு என்று ஒரு தேதி வந்திருக்காவிட்டால் இன்னும் எத்தனை தாளை எரித்திருப்பேனோ.

உன்னைக் கொம்பு சீவிவிட்டவளும் நான்தான். ஆனால் அந்த மனிதன் என் பெட்டிக்காக வேலையை இழக்கக் கூடாது. கூட்டத்துக்குப் போ. சொல்லு.

அக்கா டெல்ஃபியா

•

ஆக்ரன்
ஜூன் 6

அக்கா,

உன் கடிதம் கூட்டத்தன்று மத்தியானம் வந்தது. ஆல்மாவை எடு என்கிறாய். எங்கிருந்து எடுக்க? பூந்தொட்டியிலிருந்தா?

கோபம் இருக்கிறது. சீவலுக்காக இல்லை. அதை அள்ளிப் போட்டது என் கை. பாவம், சுவரில் தொங்கித் தொங்கி எனக்குச் சொன்னாள், நான் இன்னும் கொஞ்சம் கொட்டினேன். அந்த ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் தொட்டியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். உன் மேல் கோபம் அந்த அடுப்புக்காகத்தான். நீ எரித்த முதல் தாள் எனக்கு வந்திருந்தால் ஆல்மா இப்போது உயிரோடு இருப்பாள். லெஸ்டர் ஒரு மாதம் தலைகுனிந்து நடந்திருக்க மாட்டான். என் மனம் நோகும் என்று பயந்தாயாம்! வில்மாவும் இப்படித்தான், கெட்ட சேதி வந்தால் பாதி வரியைத் தாண்டிப் படிப்பாள். அவள் கண் தாண்டுவதை நான் பார்த்திருக்கிறேன். இனி யாரும் எனக்காக வரியைத் தாண்ட வேண்டாம் என்றுதானே படிக்கக் கற்றேன்.

கூட்டத்தைச் சொல்கிறேன். கூடம் நிறைய ஆட்கள். மிஸஸ் ப்ரூயிட் என்னை எழுப்பினார். சட்டைப்பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்தேன். படித்தேன், உரக்க. என் வேகம் உனக்குத் தெரியாது, அக்கா. மாடு ஏர் உழுவது போல. யாரோ இருமினார்கள், யாரோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். "கொன்றது என் பெட்டி" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். எழுத்து தெரியவில்லை, கண்ணில் தண்ணீர். சுவரில் சாய்ந்து நின்ற லெஸ்டர், "படிங்க பெரியவரே, நான் எங்கயும் போகல" என்றான். "வேலைய விட்டு அனுப்பற வரைக்கும் எனக்கு நேரம் இருக்கு." கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் மீதியைப் படித்து முடித்தேன்.

மிஸஸ் ப்ரூயிட் விஷயம் முடிந்தது என்றார். லெஸ்டருக்கு முடியவில்லை.

நான் போய்க் கையை நீட்டினேன். அவன் பிடிக்கவில்லை. "மன்னிப்பெல்லாம் காதுல கேட்டுட்டுப் போறதுக்கு இல்ல. அன்னிக்கு என்னை எங்க ஒட்டினீங்க?"

"தபால்பெட்டிக்கு மேல."

"அங்கயே ஒட்டுங்க. அதே சைஸ் தாள்ல. எல்லாரும் நின்னு படிக்கணும். மிஸஸ் கோவாச் கையெழுத்து முதல்ல இருக்கணும்."

நேற்று முழுக்க அதை எழுதினேன். முன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது. மிஸஸ் கோவாச் "நான் எதுக்கு?" என்று முரண்டு பிடித்தாள். "அன்னைக்கு எதுக்குப் போட்டே, அதுக்குத்தான்" என்றேன். போட்டாள்.

சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். லெஸ்டர், கையில் காபிக் கோப்பை, மேலே தட்டு வைத்து மூடியிருந்தது.

"கொதிகலன் ரூம்ல இருந்தான். மிதிக்கக் காலைத் தூக்கினேன், என்னைப் பாத்து உஸ்ஸுன்னான். நம்ம ஊர்க் கரப்பானுக்கு இவ்வளவு வாய் கிடையாதே."

சார்ஜென்ட்! மார்ச்சிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறான். லெஸ்டர் மாதம் தவறாமல் மருந்து அடிக்கும் நடைவழிக்குக் கீழே, கொழுத்துப்போய். என் வீட்டைவிட்டு ஓடினவன் பிழைத்தான். இருந்தவர்கள் எல்லாம் செத்தார்கள்.

இதற்குமேல் இன்று எழுத முடியவில்லை.

ஆர்வில்

•

கேன் ஃபோர்க்
ஜூன் 17

அன்புத் தம்பி,

ஆல்மாவுக்காக அழுதேன். ஒரு சிலந்திக்கு அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர்களைத் துடைப்பத்தால் அடித்திருப்பேன்.

அடுப்பைப் பற்றி நீ சொன்னது சரி. இனிமேல் எழுதியதை எரிக்க மாட்டேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். என் கடிதத்தை ஊர் நடுவிலா படிப்பாய்? ராய்ஸின் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாத வார்த்தைகளை எனக்கு முகம் தெரியாத அத்தனை பேருக்கும் ஒப்பித்திருக்கிறாய். "எங்க அக்கா சொன்னாங்க" என்று இரண்டு வார்த்தையில் முடிக்கத் தெரியாதா? படிக்கத் தெரிந்துவிட்டால் எதையும் உரக்கப் படிக்க வேண்டுமா? கேன் ஃபோர்க்கில் என் காதுக்கு எதுவும் கேட்காது. ஆனாலும் ஆக்ரனில் பேசியதை நினைத்தால் கூசுகிறது.

அதோடு இன்னொன்றும். இத்தனை வருஷம் என் சீவலை முகர்ந்து நான் சுகமென்று தெரிந்துகொண்டாயாம். நீ சுகமா என்று நான் எதை முகர்ந்து தெரிந்துகொள்வது? ஒரு வெற்றுத் தாளில் கோடு கிழித்து அனுப்பியிருந்தால்கூடப் போதுமே. அதற்கு நான் கோபப்படவில்லையா? பட்டேன். பட்டுக்கொண்டேதான் ஜாம் கிண்டினேன்.

ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். மூன்று ஜாடி. ஒன்று லெஸ்டருக்கு. அதை நீயே கையில் கொடு. சீவல் ஒரு துகள்கூட இல்லை. பயப்படாமல் திற.

அக்கா டெல்ஃபியா

•

ஆக்ரன்
ஜூலை 1

அன்புள்ள டெல்ஃபியா அக்காவுக்கு,

உன் இடுப்பு எப்படி? என் முட்டி வெயிலுக்குக் கொஞ்சம் தணிந்திருக்கிறது. சார்ஜென்ட் சுகம். கேரட் தின்கிறான். கடையில் வாங்கிய மண்ணில்தான் படுக்கிறான். மூடி மேல் செங்கல் வைத்திருக்கிறேன், ஓடினாலும் கொதிகலன் அறைக்குத்தான் போவான்.

கடிதத்தை உரக்கப் படித்தது தப்புதான். உன் சம்மதம் கேட்டிருக்க வேண்டும். ஆனால் இரண்டு வார்த்தையில் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள் அக்கா, அதைச் சொல்கிறவன் நான் அல்லவா.

லெஸ்டரிடம் ஜாடியைக் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "இதுல கேதுரு இல்லியே?" என்றான். "தின்னு பாத்துச் சொல்லு" என்றேன். கோபம் முழுதாகப் போகவில்லை. ஆனால் இந்த முறை வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டான். அறிவிப்பை இன்னும் எடுக்க விடமாட்டேன் என்கிறான். மாதக் கடைசி வரை இருக்க வேண்டுமாம்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் மூக்கைத்தான் உள்ளே விட்டேன், பழக்கம். ஒரு வாசனையும் இல்லை. உள்ளே உருண்டை உருண்டையாகக் காகிதம். நெஞ்சு கொஞ்சம் வெறுமையாகிவிட்டது, மறைக்காமல் சொல்கிறேன். பிறகு ஓர் உருண்டையைப் பிரித்தேன். நம் ஊர்ச் செய்தித்தாள்!

இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி ஒவ்வொரு தாளாகச் சுருக்கம் எடுத்து மேஜையில் பரப்பினேன். இரண்டு நாளாக அதுதான் வேலை. இறந்தவர்கள் பகுதியில் சுரங்கத்தில் என்னோடு வேலைபார்த்த இரண்டு பேர் இருக்கிறார்கள். ராய்ஸின் பெண்டாட்டி ஊறுகாய்ப் போட்டியில் இரண்டாம் பரிசாமே, நீ சொல்லவே இல்லையே. முன்பு உன் பெட்டியில் வந்ததை முகர்ந்தேன். இப்போது அடைத்து வந்த குப்பையைக்கூடப் படிக்கிறேன். அடுத்த பெட்டிக்கும் இதையே அடை. வாரம் தப்பாமல் அடை.

ஆனால் ஒரு தாளில் பார்த்தேன், இரத்தம் கொதித்தது. கேன் ஃபோர்க் மரப்பாலத்தை மூடப்போகிறார்களாமே? மூடினால் நீ மளிகைக் கடைக்கு மலையைச் சுற்றிப் போவாயா, அந்த இடுப்போடு? எவன் முடிவு செய்தான் இதை? பேனாவை எடுத்துவிட்டேன். "ஐயா, வெட்கமாக இல்லையா" என்று ஆரம்பித்தும் விட்டேன். பார்த்தால் செய்தி பாதியில் நிற்கிறது. மீதி எந்த உருண்டையில் இருக்கிறதோ தெரியவில்லை. கடைசி வரிவரை படிக்காமல் இனி ஒருவரையும் திட்டுவதில்லை என்று லெஸ்டருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அதனால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இஸ்திரிப் பெட்டியை எடுக்கிறேன். மீதி உருண்டைகளைப் பிரித்து முடித்ததும், அடுத்த வாரம், யார் மேல் கோபப்படுவது என்று உனக்கு எழுதுகிறேன்.

உன் தம்பி,
ஆர்வில்